கார்க் கதவின் இடுக்கில் ஓர் இயற்பியல் பாடம்

உங்கள் ஊரில் பழைய கார் ஒன்று எங்கேனும் நின்றிருந்தால், அதற்குப் பக்கவாட்டில் 2 மீட்டர் தள்ளி நின்றுகொண்டு அதன் முன்கதவைப் பாருங்கள். கதவின் வண்ணத்தையோ கைப்பிடியையோ அல்ல. கதவைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதே, அதைப் பாருங்கள். கதவின் விளிம்புக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் இடையில் விடப்பட்டுள்ள இடுக்குதான் அந்தக் கோடு. கதவின் பின்விளிம்பில் அது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கிறதா? அல்லது மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருக்கிறதா?

மேலே ஒடுங்கியிருந்தால் அந்தக் காருக்கு ஏதோ கோளாறு என்று கொள்ளலாம். ஆனால் கோளாறு கதவில்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பட்டறைகளில் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. என்ன கோளாறு, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க, பள்ளியில் நீங்கள் படித்த திருப்புத்திறனும் மீட்சித்தன்மையும் போதும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் கண்ணைப் பற்றி ஒரு சொல். இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய, அவை நம் கண்ணில் ஏறத்தாழ 1 நிமிடக் கோணத்தையாவது, அதாவது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கையாவது, தாங்க வேண்டும். 2 மீட்டர் தொலைவில் இது சுமார் 0.6 மி.மீ. ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேர்கோட்டில் பொருந்துகின்றனவா, சற்றே விலகியுள்ளனவா என்று அறிவதில் நம் கண் இதைவிடப் பன்மடங்கு கூர்மையானது. 10 விநாடிக் கோண விலகலைக்கூட அது கண்டுகொள்ளும். 2 மீட்டரில் அது வெறும் 0.1 மி.மீ.! பிரெஞ்சு நாட்டவரான பியர் வெர்னியர் 1631இல் வெளியிட்ட அளவுகோலை ஆய்வுக்கூடத்தில் கையாண்டிருப்பீர்கள். கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துவதைக் காணும் இந்தத் திறனை நம்பித்தான் அக்கருவி வேலை செய்கிறது.

எனவே இடுக்கு 5 மி.மீ. அகலமா 6 மி.மீ. அகலமா என்பது யார் கண்ணிலும் படாது. மேலே 4, கீழே 6 என்றால் உடனே பட்டுவிடும். கதவைப் பொருத்துவோர் நாடுவது குறுகிய இடுக்கை அல்ல, சீரான இடுக்கையே.

இடுக்கே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கதவு ஒரு வட்ட வில்லில் சுழன்று திறக்கிறது. அதற்கு இடம் வேண்டும். ஓடும்போது கார் சற்றே முறுக்கிக்கொள்கிறது. அதற்கும் இடம் வேண்டும். வெப்பத்தால் விரிவதற்கும் இடம் வேண்டுமல்லவா என்பீர்கள். வேண்டும்தான், ஆனால் நீங்கள் நினைக்குமளவு அல்ல. எஃகின் நீள்விரிவெண் பாகை செல்சியசுக்கு 0.000012. கார் முழுவதும் ஒரே அளவில் 40 பாகை சூடேறினால் கதவும் விரியும், அதன் வாசலும் அதே விகிதத்தில் விரியும். ஆகவே இடுக்கு குறையாது; அதுவும் சேர்ந்து, 5 மி.மீ.க்கு 0.0024 மி.மீ. என்ற கணக்கில், விரியும்! வெயில் கதவில் மட்டும் விழுந்து, கதவு தன் வாசலைவிட 40 பாகை கூடுதலாகச் சூடானால்தான் 1 மீட்டர் நீளக் கதவு சுமார் அரை மி.மீ. இடத்தை விழுங்கும். தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் வகுப்பில் பாதிப் பேர் தவறாகவே எழுதுகிறார்கள் என்பது என் அனுபவம்.

இனிக் கதவுக்கு வருவோம். கதவின் நீளம் 1 மீட்டர், நிறை 20 கி.கிராம், இரு கீல்களுக்கும் இடையே உள்ள உயரம் 30 செ.மீ. என்று கொள்வோம். கதவின் எடை சுமார் 200 நியூட்டன். அதன் ஈர்ப்பு மையம் கீல்களிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே கதவைக் கீழ்நோக்கிச் சாய்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் 200 × 0.5 = 100 நியூட்டன் மீட்டர். இதை எதிர்த்து நிற்பவை இரண்டு கீல்களே. மேல்கீலில் கதவு தூணைவிட்டு வெளியே இழுக்கிறது. கீழ்க்கீலில் தூணை நோக்கித் தள்ளுகிறது. இவ்விரு விசைகளும் சேர்ந்த இரட்டையின் கை நீளம் 0.3 மீட்டர்தான். ஆகவே ஒவ்வொன்றும் 100 ÷ 0.3 = 333 நியூட்டன். அதாவது 20 கிலோக் கதவு, மேல்கீலை 34 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அல்லும் பகலும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. இறங்குகிறவர் கதவின் மேல் கையூன்றி எழுந்தால் இது இன்னும் பல மடங்காகும்.

கீலின் ஆணி தேயாமல் என்ன செய்யும்? இரு கீல்களிலும் அரை அரை மி.மீ. தேய்ந்து, மொத்தம் 1 மி.மீ. தளர்வு ஏற்பட்டதாகக் கொள்வோம். 30 செ.மீ.க்கு 1 மி.மீ. சாய்வு என்றால் 100 செ.மீ. தொலைவில் உள்ள கதவின் பின்முனை 3.3 மி.மீ. தாழும். நெம்புகோல் நமக்கு எதிராக வேலை செய்கிறது. கதவு இப்படிச் சாயும்போது அதன் பின்விளிம்பின் மேல்மூலை பின்னோக்கிச் சென்று இடுக்கை ஒடுக்கும். கீழ்மூலை முன்னோக்கி வந்து இடுக்கை அகட்டும். நாம் தொடக்கத்தில் பார்த்த அதே வடிவம்!

அப்படியானால் கீல்தான் குற்றவாளியா? அவசரப்படாதீர்கள். இதே வடிவத்தை உண்டாக்கும் வேறொரு காரணமும் உண்டு. காரை இரு முனைகளிலும் சக்கரங்கள் தாங்குகின்றன. இருக்கைகளும் ஆட்களும் நடுவில் இருக்கிறார்கள். இரு முனைகளில் தாங்கப்பட்டு நடுவில் பளுவேற்றிய சட்டம் என்ன செய்யும் என்று உங்கள் பாடநூலிலேயே படம் இருக்கும். அது நடுவில் தொய்யும். காரின் அடிச்சட்டம் துருவால் வலுவிழந்து தொய்ந்தால், கதவின் முன்னே உள்ள தூணும் பின்னே உள்ள தூணும் ஒன்றையொன்று நோக்கித் தலை சாய்க்கும். முன்தூணோடு கதவும் சாயும். விளைவு? மேலே ஒடுங்கி, கீழே அகன்ற இடுக்கு. அறிகுறி ஒன்று, நோய் இரண்டு.

நோயைப் பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும். கதவைப் பாதி திறந்து, அதன் பின்முனையைக் கீழிருந்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கீலில் தேய்வு உண்டு. ஆடவில்லையா? அப்படியானால் கதவை மூடச் சொல்லி, விவரமறிந்த மெக்கானிக் ஒருவர் அடிச்சட்டத்தின் பக்கவாட்டு நடுப்பகுதியில் ஜாக்கி வைத்துச் சிறிது ஏற்றட்டும். சக்கரங்கள் தரையைவிட்டு எழ வேண்டியதில்லை. நீங்கள் எட்ட நின்று இடுக்கை மட்டும் கவனியுங்கள். விரலை அதற்குள் விடாதீர்கள், காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். நல்ல நிலையிலுள்ள காரில் இடுக்கு கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. ஜாக்கி ஏற ஏற மேல் இடுக்கு திறந்துகொண்டே வந்தால் நோய் சட்டத்தில்தான் இருக்கிறது. காசு செலவில்லாமல் இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

இந்தச் சோதனையைச் செய்யாமலே பட்டறையில் என்ன செய்துவிடுகிறார்கள் தெரியுமா? இடிக்கும் மூலையைத் தேய்த்து எடுத்துவிட்டு, அகன்ற கீழ்ப்பக்கத்தைப் பட்டி பூசி நிரப்பி, மேலே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கோடு நேராகிவிடும். காய்ச்சல்காரனின் வெப்பமானியைத் தண்ணீரில் முக்கி எடுப்பது போன்றதுதான் இது. சட்டம் மேலும் தொய்யும்போது பட்டி வெடிக்கும், அதுவாவது பரவாயில்லை. தொய்ந்த கூட்டில் பூட்டும் அதன் கொக்கியும் முழுமையாகப் பற்றாமல், ஓடும் காரில் கதவு திறந்துகொள்ளும் அபாயம்தான் பெரிது.

இந்தப் பாடத்தை மிக நன்றாகக் கற்பிக்கும் கார் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959இல் வெளியிட்ட டிரையம்ப் ஹெரால்டு. இத்தாலியின் டூரின் நகரத்து வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி அதன் உருவத்தை வரைந்தார். அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் அடிச்சட்டத்தையும் மேற்கூட்டையும் ஒன்றாக இணைத்து ஒரே கூடாகச் செய்யத் தொடங்கிவிட்டன. ஹெரால்டு மட்டும் பழையபடி தனி அடிச்சட்டத்தோடு வந்தது. காரணம் வேடிக்கையானது. கூடு செய்து கொடுத்துவந்த பிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1953இல் வாங்கிவிட்டது. ஆகவே முன்கூடு, பின்கூடு, கூரை, பானெட் என்று துண்டு துண்டாகச் செய்து, போல்ட்டால் முடுக்கிச் சேர்க்கும் காராக ஹெரால்டை அமைத்தார்கள். இந்தக் கார் நமக்கும் அன்னியமானதன்று. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உற்பத்தி செய்தது. பின்னாளில் 4 கதவு ஹெரால்டு ஒன்றும் வந்தது. அது இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் அதில் ஏறிய கதை சொல்லக்கூடும்.

துண்டுகளைச் சேர்த்துச் செய்த கார் என்றால் பிழைகளும் சேர வேண்டுமே! ஹெரால்டின் கதவு இடுக்கை அடிச்சட்டம், முன்கூடு, பின்கூடு, கீல், கதவு, இடையில் வைக்கும் தகடுகள் என்று 6 பொருள்கள் தீர்மானிக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1 மி.மீ. பிழை வரலாம். எல்லாம் ஒரே திசையில் சேர்ந்தால் 6 மி.மீ.; இடுக்கே காணாமல் போகும். ஆனால் தொடர்பில்லாத பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்வது அரிது. சில கூட்டும், சில கழிக்கும். இத்தகைய பிழைகளின் மொத்தத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைக் கொண்டு மதிப்பிடுவது வழக்கம். 6இன் வர்க்கமூலம் சுமார் 2.4. இந்த 2.4 மி.மீ.யைச் சரிக்கட்டத்தான் மேற்கூட்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைச் செருகுகிறார்கள். கீல் போல்ட்டுகளின் துளைகளையும் சற்றுப் பெரிதாக வைக்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? நகர்த்த முடியாததிலிருந்து. கதவின் பின்னேயுள்ள தகட்டை நகர்த்துவது கடினம். பானெட்டை நகர்த்துவது எளிது. ஹெரால்டில் இருபக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முழு முன்மூக்கும் ஒரே பானெட்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். அதன் முன்கீல்களை நகர்த்தி அதைத் தனியே சரிசெய்துகொள்ளலாம். ஆகவே முதலில் அடிச்சட்டம், பிறகு அதன்மேல் கூடு, பிறகு பின்தகட்டை ஒட்டிக் கதவு, கடைசியில் கதவை ஒட்டிப் பானெட். இதைத் தலைகீழாகச் செய்பவர் பானெட்டுக்காகக் கதவையும், கதவுக்காகக் கூட்டையும் நகர்த்திக்கொண்டு ஒரு வாரம் சுற்றிவருவார். முழு வேலையும் கார் தன் சக்கரங்களில் சமதரையில் நிற்கும்போதே நடக்க வேண்டும். ஏனென்று இப்போது உங்களுக்கே தெரியும்.

தாழ்ந்த கதவை உயர்த்த முன்பு நமக்கு எதிராக நின்ற அதே நெம்புகோலைத் துணைக்கு அழைக்கிறோம். கீழ்க்கீலை மட்டும் 1 மி.மீ. பின்னோக்கித் தள்ளினால் பின்முனை 3.3 மி.மீ. மேலேறும். இங்கே ஓர் எச்சரிக்கை: போல்ட்டை முடுக்கும்போது, அதன் தலைக்கும் தகட்டுக்கும் இடையேயுள்ள உராய்வு கீலையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும். சரியாக வைத்துவிட்டு முடுக்கினால் கதவு மறுபடி விலகியிருக்கும். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாக, மாற்றி மாற்றி முடுக்குவது இதனால்தான்.

பூட்டின் கொக்கியை முதலில் கழற்றி வைத்துவிட வேண்டும் என்பதும் முக்கியம். கதவு மூடும்போது கொக்கியில் ஏறி உட்கார்ந்தால் அதன் முனை தூக்கப்பட்டுக் கோடு நேராகத் தெரியும். இடுக்கு பொய் சொல்லும். கதவு கீல்களை மட்டும் நம்பிச் சரியாக நிற்க வேண்டும். கொக்கி அதைப் பிடித்துவைக்க மட்டுமே. வாசலைச் சுற்றி ஒட்டும் ரப்பர் பட்டையும் இப்படித்தான். புது ரப்பர் விறைப்பாக இருந்து கதவை வெளியே தள்ளும். ரப்பர் இல்லாமல் ஒருமுறையும், ஒட்டியபின் மறுமுறையும் பார்ப்பார்கள். பெயின்ட்டையும் மறக்க வேண்டாம்: விளிம்புக்கு 0.15 மி.மீ. என்றால் எதிரெதிரே உள்ள இரண்டு விளிம்புகளுக்கும் சேர்த்து இடுக்கில் 0.3 மி.மீ. போய்விடும்.

கதவே வளைந்திருந்தால்? அதைத் திருப்பி வளைக்க வேண்டியதுதான். கதவுக்கும் தூணுக்கும் இடையில் மரக்கட்டையைச் செருகி, முழங்காலால் ஓர் அழுத்து அழுத்துவார்கள். பார்க்க முரட்டு வைத்தியம் போலிருக்கும். ஆனால் மீட்சி எல்லைக்குள் வளைத்தால் எஃகு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எல்லையைத் தாண்டி வளைத்தால்தான் வளைவு நிலைக்கும். அப்போதும் சிறிது திரும்பி வரும். எவ்வளவு திரும்பி வரும் என்பதைக் கையின் உணர்விலேயே அறிந்து, அந்த அளவு கூடுதலாக அழுத்தும் டிங்கர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மீட்சிக் குணகம் என்ற சொல்லைக் கேட்டதில்லை.

ஹெரால்டுக்கு அடிச்சட்டம் தனி. ஆனால் 2014 வரை உற்பத்தியிலிருந்த அம்பாசடர் காருக்கு, கூடே சட்டம். அங்கே கதவுக்கு அடியில் வாசற்படிபோல் ஓடும் உள்ளீடற்ற பெட்டிப் பகுதிதான் நடுத்தொய்வைத் தடுக்கும் முக்கிய உறுப்பு. மழைநீரும் சேறும் தங்கி முதலில் துருப்பிடிப்பதும் அதுவேதான். துருப்பிடித்த படியை வெட்டி எடுத்துப் புதிது வைக்கும் வேலை பழைய கார்களில் அடிக்கடி நேரும். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால், வெட்டிய நொடியிலேயே கூடு சில மி.மீ. தொய்யக்கூடும். அந்த நிலையில் புதுப் படியைப் பற்றவைத்துவிட்டால் தொய்வு நிரந்தரம். பிறகு எத்தனை ஷிம் வைத்தாலும் கதவு சரியாக மூடாது. ஒரு நல்ல கார் வீணாவதற்கு ஒரு பிற்பகல் போதும். எனவே விவரமானவர்கள் வெட்டுமுன் முன்தூணையும் பின்தூணையும் இணைத்துக் கதவு வாசலில் குறுக்கே ஓர் இரும்புச் சட்டமும், மூலைக்கு மூலை ஒரு சட்டமும் பற்றவைப்பார்கள். மூலைவிட்டம் எதற்கு? நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரம் செய்து அழுத்திப் பாருங்கள், சாய்சதுரமாகிவிடும். மூலைவிட்டமாக ஐந்தாவது குச்சியை அடித்துவிட்டால் அசையாது. முக்கோணத்தின் பக்க நீளங்கள் மாறாதவரை அதன் கோணங்களும் மாற முடியாது.

இதையெல்லாம் நீங்கள் ஒரு செருப்புப் பெட்டியில் செய்து பார்க்கலாம். பெட்டியின் நீண்ட பக்கத்தின் நடுவில், அடிவிளிம்பிலிருந்து 2 செ.மீ. விட்டு, மேல்விளிம்பு வரை ஒரு கதவு வாசலை வெட்டுங்கள். எதிர்ப் பக்கத்திலும் அவ்வாறே. வெட்டிய அட்டையின் மூன்று ஓரங்களிலும் சிறிது கத்தரித்து, முன் ஓரத்தில் ஒட்டுத்தாளைக் கீலாக ஒட்டி மாட்டுங்கள். பெட்டியின் இரு முனைகளையும் இரண்டு புத்தகங்களின் மேல் வைத்து, நடுவில் ஒரு கல்லை வையுங்கள். கதவின் பின் இடுக்கு மேலே ஒடுங்குவதைக் காண்பீர்கள். இனி மூடியைப் போட்டு ஓரங்களை இறுக ஒட்டிவிட்டு அதே கல்லை வையுங்கள். மாற்றம் வெகுவாகக் குறைந்திருக்கும். கூரையில்லாத கார்களின் அடிச்சட்டத்தை ஏன் தனியாக வலுப்படுத்துகிறார்கள் என்பது விளங்கும். கடைசியாக, மூடியை எடுத்துவிட்டு, வாசலுக்குக் கீழேயுள்ள அந்த 2 செ.மீ. படியில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டுங்கள். கல்லை வைக்குமுன்பே தெரிந்துவிடும்.

இடுக்கை அளக்க அஞ்சலட்டைகள் போதும். 20 அட்டைகளை அடுக்கி அளவுகோலால் உயரத்தை அளந்து 20ஆல் வகுத்தால் ஓர் அட்டையின் தடிமன் கிடைக்கும். மேலே எத்தனை அட்டை நுழைகிறது, கீழே எத்தனை நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு: கதவின் நீளம் 90 செ.மீ.; கீல்களின் இடைவெளி 36 செ.மீ. பின்முனை 4 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. கீழ்க்கீலை எவ்வளவு பின்னோக்கி நகர்த்த வேண்டும்? அப்படி நகர்த்தியபின், பின் இடுக்கில் ஒன்றுக்கொன்று 50 செ.மீ. உயர வேறுபாடுள்ள இரண்டு புள்ளிகளுக்கு இடையே அகல வேறுபாடு எவ்வளவு மாறியிருக்கும்?

விடை: 1.6 மி.மீ.; சுமார் 2.2 மி.மீ.